செய்யுள் நாடகங்களைப் படிக்கும்போது வரும் கலைச்சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்ஸ்பியர் நாடகம் பாடமாக வந்துவிட்டால், அதோடு ஒரு நீளமான கலைச்சொல் பட்டியலும் வந்துவிடும். பலர் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, நாடகத்தைக் கோனார் நோட்ஸ் பாணிக் கதைச்சுருக்கமாகப் படித்துவிட்டுப் போகிறார்கள். இந்தச் சொற்கள் அதற்காக உருவானவை அல்ல. பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் பேச்சில் ஏதோ மாறுகிறது. அந்த மாற்றத்தைச் சுட்டிக்காட்டத்தான் ஒவ்வொரு சொல்லும். எங்கே மாறுகிறது, ஏன் அங்கே மாறுகிறது என்று பார்க்கப் பழகினால் சொற்கள் தானாக நினைவில் நிற்கும். உதாரணங்களைப் பெரும்பாலும் மாக்பெத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது அதுதான். இரண்டு மாலைப் பொழுதில் படித்துவிடலாம்.

கதை தெரியாதவர்களுக்கு: மாக்பெத் ஸ்காட்லாந்தின் தளபதி. மூன்று சூனியக்காரிகள் அவனிடம் நீ அரசனாவாய் என்கிறார்கள். மனைவியின் தூண்டுதலோடு, வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அரசன் டங்கனைக் கொல்கிறான். அப்புறம் கொலைமேல் கொலை. கடைசியில் மாக்டஃப் என்ற பிரபுவின் கையால் சாகிறான்.

செய்யுள் நாடகம் என்றால் எல்லாரும் பாடிக்கொண்டே இருப்பார்களா?

இல்லை, பேசுவார்கள். ஆனால் பேச்சு ஒரு தாளத்தில் அமைந்திருக்கும். பழைய கிரேக்க நாடகத்தில் பாத்திரங்கள் பேசும் பகுதிக்கு ஒரு சந்தம், கோரஸ் என்ற குழு ஆடிப் பாடும் பகுதிக்கு வேறு சந்தங்கள். ஷேக்ஸ்பியரில் பாட்டுகள் தனியே உண்டு. மற்றபடி செய்யுளும் உரைநடையும் கலந்தே வரும். எவ்வளவு கலப்பு என்பது நாடகத்துக்கு நாடகம் மாறும். இரண்டாம் ரிச்சர்ட் முழுக்கச் செய்யுள். விண்ட்சர் நகரக் குறும்புக்காரப் பெண்களைப் பற்றிய நாடகம் பெரும்பாலும் உரைநடை.

ஐயாம்பிக் பென்டாமீட்டரை எளிதாகப் புரிந்துகொள்வது எப்படி?

வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் படித்து இது புரியாது. ரோமியோ ஜூலியட்டின் ஜன்னலைப் பார்த்துச் சொல்லும் வரி:

பட் சாஃப்ட் | வாட் லைட் | த்ரூ யான் | டர் வின் | டோ பிரேக்ஸ்

ஒவ்வொரு துண்டிலும் இரண்டு அசைகள். முதல் அசை மெலிந்தும் இரண்டாவது அழுந்தியும் ஒலிக்கிறது. அந்த மெலிவு-அழுத்தம் ஜோடிக்கு ஐயாம்ப் என்று பெயர். ஐந்து ஜோடி சேர்ந்தால் பென்டாமீட்டர். மொத்தம் பத்து அசை, ஐந்து அழுத்தம்.

மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். நடிகர்கள் ஒவ்வொரு அழுத்தத்தையும் இப்படிச் சம்மட்டி அடிப்பதுபோல் சொல்ல மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். தாளம் அடியில் ஓடும். மேலே சாதாரணப் பேச்சு ஓடும்.

நம் யாப்பிலக்கணத்தோடு ஒப்பிட்டுப் படிக்கலாமா?

ஓரளவுக்கு. அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி என்ற படிக்கட்டு இரண்டு பக்கமும் இருக்கிறது. அவர்கள் ஃபுட் என்பதைச் சீர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் பென்டாமீட்டர் ஐந்து சீர் கொண்ட அடி, நம் கணக்கில் நெடிலடி.

ஆனால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நேர், நிரை என்று நாம் பிரிப்பது குறில், நெடில், ஒற்று ஆகியவற்றை வைத்து. ஆங்கிலத்தில் கணக்கு வேறு: எந்த அசையை நாக்கு அழுத்திச் சொல்கிறது என்பதுதான். குறிலா நெடிலா என்பது அங்கே கேள்வியே இல்லை. ஐயாம்புக்கு நிரையசை என்று சமன்பாடு போட்டால் அடுத்த வரியிலேயே இடறும்.

இன்னொன்று: வரி முடிவில் ஒலி ஒத்து வரும் ரைமை எதுகை என்று பலர் எழுதுகிறார்கள். எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது, பெரும்பாலும் அடியின் தொடக்கத்தில். வரிக் கடைசியில் ஒன்றி வருவது இயைபு. தமிழில் விடை எழுதுபவர்கள் இதைச் சரியாகப் போடுவது நல்லது.

பிளாங்க் வெர்ஸும் ஃப்ரீ வெர்ஸும் ஒன்றா?

இல்லை. பிளாங்க் வெர்ஸில் சந்தம் கட்டாயம் உண்டு, இயைபு மட்டும் இருக்காது. அதாவது இயைபில்லாத ஐயாம்பிக் பென்டாமீட்டர். ஃப்ரீ வெர்ஸில் நிலையான சந்தமும் இருக்காது. அது நம் புதுக்கவிதைக்குப் பக்கத்தில் வரும்.

பிளாங்க் வெர்ஸை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் சர்ரே பிரபு. லத்தீன் காவியமான ஈனிடின் பகுதிகளை 16ஆம் நூற்றாண்டில் மொழிபெயர்த்தபோது அவர் இதைப் பயன்படுத்தினார். மேடைக்கு வந்தது 1561இல் நடிக்கப்பட்ட கார்பொடக் நாடகத்தில். அதில் வரிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மரக்கட்டை அடுக்கியதுபோல் இருக்கும். நாடக ஆசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ 1580களின் பின்பகுதியில் அதற்கு வேகமும் கம்பீரமும் கொடுத்தார். ஷேக்ஸ்பியர் கையில் அது யோசிக்கும் மனதின் பேச்சாக மாறியது.

பத்து அசை என்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் பதினொன்று வருகிறதே?

தவறாக எண்ணவில்லை. ஆங்கில இலக்கியத்தின் மிகப் பிரபலமான வரியிலேயே பதினொன்றுதான்: “டு பி, ஆர் நாட் டு பி, தட் இஸ் த கொஸ்சன்.” கடைசியில் ஒரு மெல்லிய அசை மிச்சமாக நிற்கிறது. இதற்கு ஃபெமினைன் எண்டிங் என்று பெயர். உறுதியாக முடிய வேண்டிய வரி, முடியாமல் தொங்குகிறது. முடிவெடுக்க இயலாத ஹாம்லெட்டின் வாயில் அது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். மனைவி இறந்த செய்தி கேட்டு மாக்பெத் சொல்லும் “டுமாரோ, அண்ட் டுமாரோ, அண்ட் டுமாரோ” என்ற வரியிலும் இதே பதினொன்றுதான். நாளை, நாளை, நாளை என்று இழுத்துக்கொண்டே போகிறது.

வரியின் தொடக்கத்திலும் மாற்றம் வரும். மூன்றாம் ரிச்சர்ட் நாடகம் “நவ்” என்ற அழுத்தமான அசையோடு தொடங்குகிறது. மெலிவு-அழுத்தம் என்று வர வேண்டியது அழுத்தம்-மெலிவு என்று தலைகீழாகிவிட்டது. அழுத்தத்தில் தொடங்கும் இந்த ஜோடிக்கு ட்ரோக்கி என்று பெயர். இதன் உச்சம் லியர் மன்னன், இறந்த மகளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் வரி: “நெவர், நெவர், நெவர், நெவர், நெவர்.” ஐந்து சீர், ஐந்தும் தலைகீழ். பத்து அசைதான், ஆனால் ஐயாம்ப் ஒன்றுகூட இல்லை. உலகமே கவிழ்ந்துவிட்டவனுக்குச் சந்தமும் கவிழ்கிறது. இந்த வரியைக் கவனிக்காமல் சந்தம் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும் பயனில்லை என்பேன்.

பழைய பதிப்பில் சில சொற்களின் மேல் சின்னக் கோடு போட்டிருக்கிறார்களே, அது எதற்கு?

அசைக் கணக்குக்குத்தான். நாடுகடத்தப்பட்டவன் என்ற பொருளில் ரோமியோ சொல்லும் சொல்லை இன்று “பானிஷ்ட்” என்கிறோம். சந்தத்துக்காக அங்கே “பானிஷெட்” என்று மூன்று அசையாகச் சொல்ல வேண்டும். அந்தக் குறி நடிகருக்குச் சொல்லும் உதவி. எதிர்மாறாக, “ஓவர்” என்பதை “ஓர்” என்று சுருக்குவதும் இதே காரணத்துக்காக.

எஞ்சாம்ப்மென்ட், சிசூரா இரண்டையும் எப்படி அடையாளம் காண்பது?

வரி முடியும் இடத்தில் வாக்கியமும் முடிந்தால் எண்ட்-ஸ்டாப்ட். வரி முடிந்தும் வாக்கியம் அடுத்த வரிக்கு ஓடினால் எஞ்சாம்ப்மென்ட். வரியின் நடுவில் மூச்சு நின்றால் சிசூரா.

டங்கனைக் கொல்வதா வேண்டாமா என்று மாக்பெத் தனியாகப் புலம்பும் முதல் அங்கம் ஏழாம் காட்சியில் மூன்றையும் பார்க்கலாம். “இஃப் இட் வேர் டன் வென் டிஸ் டன், தென் ட்வேர் வெல் / இட் வேர் டன் க்விக்லி.” செய்ததும் முடிந்துவிடும் என்றால் சீக்கிரம் செய்துவிடுவது நல்லது என்கிறான். முதல் வரியின் நடுவில் ஒரு நிறுத்தம். கடைசியில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், “நல்லது” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு உருள்கிறான். அங்கே “சீக்கிரம்” என்றதும் நிறுத்தம். இந்த வாக்கியத்தில் கொலை என்ற சொல் இல்லை. “அது” என்றுதான் சொல்கிறான். “டன்” என்ற ஒரே சொல் மூன்று முறை வருகிறது. நின்று, ஓடி, மறுபடி நிற்கும் இந்த வரிகள் அவன் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்கிறது என்பதை நமக்குக் கேட்கவைக்கின்றன.

ஒரு வரி பக்கத்தின் நடுவிலிருந்து தொடங்குகிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. அது பகிர்ந்த வரி. ஒருவர் பாதிச் சந்தத்தோடு நிறுத்த, அடுத்தவர் மீதியை நிரப்புகிறார். பதிப்பாசிரியர்கள் அது ஒரே வரி என்று காட்டவே அப்படித் தள்ளி அச்சிடுகிறார்கள். பொதுவாக இடைவெளியில்லாமல் உடனே பேச வேண்டும் என்பதற்கான குறிப்பு அது.

டங்கனைக் கொன்றுவிட்டு மாக்பெத் இறங்கி வரும் இடத்தைப் பாருங்கள். பேசினாயா? எப்போது? இப்போது. இறங்கி வரும்போதா? ஆமாம். ஆளுக்கு ஒரு சொல், இரண்டு சொல். கணவனும் மனைவியும் இருட்டில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுத் திடுக்கிடுகிறார்கள். இப்படி மாறி மாறி வெட்டிப் பேசுவதற்கு ஸ்டிக்கோமித்தியா என்ற கிரேக்கப் பெயரைச் சிலர் பயன்படுத்துவார்கள். கிரேக்க நாடகத்தில் அது ஆளுக்கு ஒரு முழு வரியாக வரும்; இங்கே வரியே துண்டு துண்டாகிவிட்டது.

உயர்குடி செய்யுள் பேசும், வேலைக்காரர் உரைநடை பேசுவர். இது சரியான விதியா?

பாதி சரி. தேர்வில் இதை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள்.

ஜூலியஸ் சீசர் நாடகத்தில், சீசர் கொலையுண்ட பின், கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் மக்கள் கூட்டத்திடம் உரைநடையில் பேசுகிறான். ரோமின் உயர்குடிப் பிரபு அவன். அறிவால் ஒப்புக்கொள்ளவைக்க முடியும் என்று நம்புகிறான். வாக்கியங்கள் கணக்காக, எதிரெதிராக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுத்து சீசரின் நண்பன் ஆண்டனி வருகிறான். “ஃப்ரெண்ட்ஸ், ரோமன்ஸ், கன்ட்ரிமென்” என்று செய்யுளில் தொடங்குகிறான். புரூட்டஸ் முதலில் “ரோமானியர்களே” என்றான். ஆண்டனி முதலில் “நண்பர்களே” என்கிறான். கொஞ்ச நேரத்தில் ஊர் பற்றி எரிகிறது. உரைநடைக்கும் செய்யுளுக்கும் நடக்கும் போட்டியில் எது வென்றது என்று மேடையிலேயே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று லேடி மாக்பெத். நாடகம் முழுக்கக் கம்பீரமான செய்யுள் பேசிய அரசி, ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்து வரும்போது உரைநடையில் உளறுகிறாள். “அவுட், டாம்ட் ஸ்பாட்!” என்று கையில் இல்லாத இரத்தக் கறையைத் தேய்க்கிறாள். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறாள். கணவனிடம் பேசுவதும் பழைய இரவில் பேசியதும் கலந்து வருகின்றன. மனதின் கட்டு அவிழ்ந்ததும் சந்தத்தின் கட்டும் அவிழ்ந்துவிட்டது. அவள் போன பிறகு, அதுவரை உரைநடை பேசிய மருத்துவர் செய்யுளுக்குத் திரும்புகிறார். அந்த ஒரு திருப்பத்தால் அவள் எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்பது இன்னும் உறைக்கிறது.

சூனியக்காரிகள் மட்டும் ஏன் வேறு மாதிரி பேசுகிறார்கள்?

அவர்களுக்கு நான்கு அழுத்தம், அதுவும் பெரும்பாலும் வலுவான அசையில் தொடங்கும் ட்ரோக்கி. கூடவே இயைபு. “ஃபேர் இஸ் ஃபவுல், அண்ட் ஃபவுல் இஸ் ஃபேர்.” மந்திரம் ஓதுவதுபோல் ஒலிக்கும். மனிதர்களின் பென்டாமீட்டருக்குள் அவர்கள் சேராதவர்கள் என்று காது சொல்லிவிடும்.

இரண்டு காட்சி தள்ளி மாக்பெத் முதன்முதலாக மேடைக்கு வருகிறான். அவன் வாயிலிருந்து வரும் முதல் வரி: “ஸோ ஃபவுல் அண்ட் ஃபேர் எ டே ஐ ஹாவ் நாட் சீன்.” இன்னும் அவர்களைச் சந்திக்கவே இல்லை. ஆனால் அவர்களுடைய இரண்டு சொற்களும் அவனுடைய பென்டாமீட்டருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.

காட்சி முடிவில் இரண்டு வரி இயைந்து வருவது?

கப்லெட். திரைச்சீலையோ விளக்கணைப்போ இல்லாத மேடையில் காட்சி முடிந்தது என்று காட்டும் வழி அது. சில இடங்களில் மரணமணிபோலவும் ஒலிக்கும். டங்கனைக் கொல்லப் போகும் மாக்பெத்தின் கடைசி இரண்டு வரிகள் “நெல்”, “ஹெல்” என்று முடிகின்றன: சாவு மணி, நரகம்.

சொலிலக்வி, மோனோலாக், அசைடு: குழப்பம் தீரவே மாட்டேன் என்கிறது.

யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

மோனோலாக் நீண்ட பேச்சு. மேடையில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். ஆண்டனியின் உரை அப்படிப்பட்டது. சொலிலக்வி தனிமொழி; பேசுபவர் தனியாக இருக்கிறார், அல்லது தனியாக இருப்பதாக நினைக்கிறார். அசைடு என்பது மற்றவர்கள் மேடையில் இருக்கும்போதே நமக்கு மட்டும் கேட்கும் சின்னப் பேச்சு.

அசைடுக்கு நல்ல உதாரணம் முதல் அங்கம் மூன்றாம் காட்சி. சூனியக்காரிகள் சொன்னதில் ஒன்று பலித்துவிட்டது என்று தெரிந்ததும் மாக்பெத் தனக்குள் கணக்குப் போடத் தொடங்குகிறான். அரசைப் பிடிக்கும் எண்ணம் அங்கேதான் முளைக்கிறது. பக்கத்தில் நிற்கும் பாங்கோவுக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் நண்பன் மெய்ம்மறந்து நிற்பதைப் பார்த்து மற்றவர்களிடம் சொல்கிறான். ஒரே நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் பார்க்கிறோம்.

தனிமொழியை மனதுக்குள் பேசுவது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1599இல் லண்டனில் கட்டிய குளோப் அரங்கில் பகல் வெளிச்சத்தில் நாடகம் நடந்தது. மேடையை மூன்று பக்கமும் சூழ்ந்து நின்ற மக்களின் முகம் நடிகருக்குத் தெரியும். “என் முன்னால் தெரிவது கத்தியா?” என்று மாக்பெத் கேட்கும்போது, அந்த முகங்களைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். பார்ப்பவர்கள் அவனுடைய கூட்டாளிகளாகிவிடுகிறார்கள்.

பகல் வெளிச்சம் என்றதும் இன்னொன்று. அந்த நாடகத்தின் பாதி இரவில் நடக்கிறது. இரவை எப்படிக் காட்டுவது? தீவட்டியும் சொல்லும்தான். கொலைக் காட்சிக்கு முன் பாங்கோ மகனிடம் இரவு எவ்வளவு ஆயிற்று என்று கேட்கிறான். நிலா இறங்கிவிட்டது, மணி அடித்துக் கேட்கவில்லை என்கிறான் பையன். அவ்வளவுதான், இருட்டிவிட்டது.

டிராமாட்டிக் ஐரனிக்கு ஒரே ஒரு நல்ல உதாரணம் சொல்லுங்கள்.

பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். அந்த இடைவெளிதான் டிராமாட்டிக் ஐரனி.

முதல் அங்கம் நான்காம் காட்சி. காட்டிக்கொடுத்த காடோர் பிரபுவுக்கு மரண தண்டனை நிறைவேறிவிட்டது. டங்கன் வருந்துகிறான்: முகத்தைப் பார்த்து மனதை அறியும் வித்தை எதுவும் இல்லை, அவன்மேல் முழு நம்பிக்கை வைத்திருந்தேன். “ஆன் அப்சல்யூட் டிரஸ்ட்” என்று சொல்லி வாய் மூடவில்லை, மாக்பெத் உள்ளே வருகிறான். முழு நம்பிக்கை என்ற சொல்லோடு அந்தச் செய்யுள் வரி முடியவில்லை. அதே வரியின் மறுபாதியில் டங்கன் அவனை மகா தகுதியுள்ள உறவினனே என்று வரவேற்கிறான். காடோர் பட்டமும் இப்போது மாக்பெத்துக்குத்தான். முந்தைய காட்சியில் அவன் மனதில் ஓடியதைக் கேட்டவர்கள் நாம். ஒரு வரிக்குள், ஒரு நுழைவில், பாடமும் அதை மறந்துவிட்ட மாணவனும் ஒன்றாக நிற்கிறார்கள்.

வெர்பல் ஐரனி வேறு. பேசுபவரே வேண்டுமென்று எதிர்ப்பொருளில் பேசுவது. புரூட்டஸ் கண்ணியமான மனிதர் என்று ஆண்டனி திரும்பத் திரும்பச் சொல்வது அது. முதல் முறை மரியாதைபோல் கேட்கும், கடைசியில் வசையாகிவிடும்.

தௌ, யூ வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். இதில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு, ஏனென்றால் நீ, நீங்கள் நமக்கு அன்றாடம். தௌ என்பது நீ: நெருக்கமானவரிடம், கீழே இருப்பவரிடம், கோபத்தில், கடவுளிடம். யூ என்பது மரியாதை. நாம் சாமியை “நீ” என்று கூப்பிடுவதுபோலத்தான் அவர்களும் பிரார்த்தனையில் தௌ என்றார்கள்.

லியர் மன்னன் கடைசி மகளை ஒதுக்கும்போது, விசுவாசமான கென்ட் குறுக்கே வந்து அரசனைத் தௌ என்கிறான், கூடவே கிழவா என்கிறான். “கிழவா, நீ என்ன செய்யப் போகிறாய்?” ராஜசபையில், எல்லோர் முன்னாலும். இன்றைய ஆங்கில வாசகருக்கு அடிக்குறிப்பு வேண்டும். நமக்குக் கேட்ட மாத்திரத்தில் முதுகு நிமிரும்.

உவமை, உருவகம் தெரியும். மோட்டிஃப் என்றால் என்ன?

நாடகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் படிமம். மாக்பெத்தில் இரத்தமும் தூக்கமும் எல்லோர் கண்ணிலும் படும். கொஞ்சம் மறைவாக ஓடுவது உடை. பட்டம் கிடைத்த செய்தி வந்ததும், இரவல் உடையை ஏன் எனக்குப் போடுகிறீர்கள் என்று கேட்கிறான் மாக்பெத். ஐந்தாம் அங்கத்தில் எதிரிகள் அவனைப் பற்றிப் பேசும்போது, ராட்சதனின் அங்கியைக் குள்ளத் திருடன் போட்டுக்கொண்டதுபோல் பட்டம் அவன்மேல் தொங்குகிறது என்கிறார்கள். இடையில் வரும் உடைப் படிமங்களை நீங்களே தேடிக் குறித்துக்கொள்ளுங்கள், விடைத்தாளுக்கு அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

பதெட்டிக் ஃபாலசி என்பது இயற்கைக்கு மனித உணர்வை ஏற்றுவது. டங்கன் இறந்த இரவில் புயல். ஆந்தை ஒரு பருந்தைக் கொன்றது. அரசனின் குதிரைகள் ஒன்றையொன்று தின்றன. நம் கதைகளில் கொள்ளிவால் நட்சத்திரம் தோன்றுவதை ஒத்தது.

மாக்பெத்தின் ஹமார்ஷியா பேராசை. அவ்வளவுதானே?

வழிகாட்டி நூல்கள் அப்படித்தான் சொல்லும். எனக்கு இது போதவில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கவிதையியல் எழுதிய அரிஸ்டாட்டில் இந்தச் சொல்லைக் குறி தவறுவது, பிழை செய்வது என்ற பொருளில் சொன்னார். அவர் மனதில் இருந்தது ஈடிபஸ் போன்றவர்கள். தந்தை என்று தெரியாமல் கொன்றவன் அவன். மாக்பெத்துக்கு எல்லாம் தெரியும். கொல்லக் கூடாது என்பதற்கான காரணங்களை அவனே வரிசையாக அடுக்குகிறான். விருந்தாளி, உறவினன், நல்ல அரசன். அப்புறமும் கொல்கிறான். பேராசை என்று ஒரு சொல்லில் அடைத்தால் இந்தப் பயங்கரம் கைநழுவிவிடும். சொல்லைப் பயன்படுத்துங்கள், ஆனால் எங்கே பொருந்தவில்லை என்பதையும் எழுதுங்கள்.

பெரிபெட்டியா என்பது தலைகீழ்த் திருப்பம். ஈடிபஸின் அச்சத்தைப் போக்க வந்த தூதன் சொன்ன செய்தியே அவன் யார் என்பதை வெளிப்படுத்திவிடுவதை அரிஸ்டாட்டிலே உதாரணமாகத் தருகிறார். அனக்னாரிசிஸ் என்பது அறியாததை அறிதல். பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் உனக்குச் சாவில்லை என்ற வாக்கை நம்பியிருந்த மாக்பெத், மாக்டஃப் தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் என்று கேட்கும் கணம் அது. கதார்சிஸ் பார்ப்பவர்களுக்கு நேர்வது: இரக்கமும் அச்சமும் எழுந்து அடங்குதல்.

ஐந்து அங்கம் என்பதால் ஃப்ரைடாக் பிரமிடில் போட்டுவிடலாமா?

குஸ்டாவ் ஃப்ரைடாக் ஜெர்மன் எழுத்தாளர். கதை ஏறி, உச்சியைத் தொட்டு, இறங்குவதைக் காட்டும் அந்த வரைபடத்தை அவர் தந்தது 1863இல். ஷேக்ஸ்பியருக்கு அது தெரியாது. மாக்பெத்தில் மூன்றாம் அங்கத்தில் பாங்கோ மகன் தப்புவதும், விருந்தில் கொலையுண்ட பாங்கோவின் பேய் தோன்றுவதும் உச்சியில் அழகாக உட்காரும். எல்லா நாடகமும் அப்படி உட்காராது.

அங்கப் பிரிவையும் கல்வெட்டாக நினைக்க வேண்டாம். ஷேக்ஸ்பியர் இறந்து 7 ஆண்டுகள் கழித்து 1623இல் சக நடிகர்கள் கொண்டுவந்த ஃபர்ஸ்ட் ஃபோலியோவில் 36 நாடகங்கள் உள்ளன. மாக்பெத் முதன்முதலில் அச்சானதே அதில்தான். அதிலும் அங்கப் பிரிவு எல்லா நாடகத்துக்கும் முழுமையாக இல்லை. ஹாம்லெட்டுக்குப் பாதியில் நின்றுவிடுகிறது. 1709இல் நிக்கலஸ் ரோ பதிப்பித்தபோதுதான் பெருமளவுக்கு ஒழுங்கானது.

கோரஸ் என்பது நம் கூத்தில் வரும் கட்டியக்காரனா?

ஷேக்ஸ்பியரின் கோரஸ் அவருக்கு நெருக்கம். ஒரே ஆள் வந்து கதைக்களத்தைச் சொல்லி, பார்வையாளர்களிடம் நேராகப் பேசிவிட்டுப் போவார். ரோமியோ ஜூலியட்டின் தொடக்கத்தில் அது 14 வரி சானெட்டாகவே வருகிறது. கிரேக்கக் கோரஸ் வேறு. ஊர்ப் பெரியவர்களாகவோ பெண்களாகவோ ஒரு குழு, கடைசிவரை இருந்து ஆடிப் பாடும், பயப்படும், புத்தி சொல்லும்.

கொலை நடந்த உடனே குடிகார வாயிற்காவலன் வந்து உளறுகிறானே. காமிக் ரிலீஃப் என்று எழுதினால் போதுமா?

சிரிப்பு வரும் என்பது உண்மை. மாக்பெத்தாக நடிப்பவர் கை கழுவி உடை மாற்ற நேரம் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அவன் என்ன உளறுகிறான் என்று பாருங்கள். தான் நரகத்தின் வாயிற்காவலன் என்று பாவித்துக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறான். அந்த வீடு அன்றிரவு நரகமாகிவிட்டது என்று அவனுக்குத் தெரியாது. இரட்டை அர்த்தத்தில் பேசி ஏமாற்றுபவனை அவன் கிண்டல் செய்வதை, 1605இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தைத் தகர்க்கப் போட்ட வெடிமருந்துச் சதிக்குப் பின் நடந்த விசாரணைகளோடு அறிஞர்கள் இணைக்கிறார்கள். நாடகம் முழுக்கச் சூனியக்காரிகள் செய்வதும் அந்த இரட்டைப் பேச்சைத்தான். தாமஸ் டி குவின்சி 1823இல் அந்தக் கதவு தட்டும் ஓசையைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை எழுதினார். கொலையால் உறைந்து நின்ற உலகம் மறுபடி இயங்கத் தொடங்குவதை அந்த ஓசை உணர்த்துகிறது என்பது அவர் கருத்து.

தமிழில் இப்படிப்பட்ட நாடகம் உண்டா?

பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம், 1891. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் அவர். லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைக்கவிதை ஒன்றைத் தழுவி, பாண்டிய நாட்டுக் கதையாக எழுதினார். 5 அங்கம், 20 களம், பெரும்பாலும் ஆசிரியப்பா. நாம் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து இதன் பாயிரத்திலிருந்து எடுத்தது.

மேடையைவிடப் படிப்புக்கு ஏற்ற நாடகம் அது. இந்த வகைக்கு க்ளோசெட் டிராமா என்று பெயர். மில்டனின் சாம்சன் அகோனிஸ்டிஸ் ஆங்கிலத்தில் இதற்குப் பெயர்போன உதாரணம். இங்கே படித்த சொற்களை மனோன்மணீயத்தில் வைத்துப் பாருங்கள். அமைச்சன் குடிலனைக் கண்மூடி நம்பும் பாண்டிய அரசன் சீவகன் பேச்சில் டங்கனுக்கு நேர்ந்த அதே ஐரனியைக் கேட்பீர்கள்.

தேர்வில் எப்படி எழுதுவது?

சொல்லைச் சொல்லி நிறுத்தாதீர்கள். “லேடி மாக்பெத் இங்கே உரைநடை பேசுகிறாள்” என்பது அடையாளம் காட்டியது மட்டும். “இதுவரை செய்யுளில் கணவனை ஆட்டிவைத்தவள் இங்கே எண்களும் துண்டுச் சொற்களுமாகச் சிதறுகிறாள், ‘கொஞ்சம் தண்ணீர் போதும், கறை போய்விடும்’ என்று இரண்டாம் அங்கத்தில் சொன்னவள் இப்போது கழுவிக்கொண்டே இருக்கிறாள்” என்று எழுதினால் அது வாசிப்பு. சொல் தெரியவில்லை, மாற்றம் தெரிகிறது என்றால் மாற்றத்தையே விவரித்து எழுதுங்கள். தலைகீழாக, சொல் தெரிந்து மாற்றம் தெரியாவிட்டால் அந்தச் சொல்லைத் தொடாமல் விடுவது மேல்.

மேற்கோளுக்கு அங்கம், காட்சி, வரி என்ற வரிசையில் எண் போடுங்கள்: 1.7.1-2. வரி உடையும் இடத்தில் சாய்கோடு இடுங்கள். உரைநடைப் பகுதிக்குச் சாய்கோடு கிடையாது, அங்கே வரி எண்ணும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆகவே எந்தப் பதிப்பில் படித்தீர்களோ அதையே கடைசிவரை பின்பற்றுங்கள்.